அறுபது பேர், ஒரு மைக்: வடசென்னையில் ஆடிஷன் நாள் நடத்துவது எப்படி

நாங்கள் முதல் முறை ஆடிஷன் நடத்தியது தண்டையார்பேட்டையில், ஒரு சின்னக் கூடத்தில். தெருநாடகம் ஒன்றுக்கு 6 பேர் தேவைப்பட்டார்கள். 'ஞாயிறு காலை 10 மணி முதல்' என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். நாள் முழுக்க ஒவ்வொருவராக வருவார்கள் என்பது எங்கள் கணக்கு. 10 மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நாற்காலி போதவில்லை, தண்ணீர் 11 மணிக்கே தீர்ந்தது, யார் முன்னால் வந்தவர் என்று வாசலில் சண்டை. ஒன்பதரை மணிக்கே வந்து டோலக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், மதியம் இரண்டரை மணிக்கு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவன் வாசிப்பை நாங்கள் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சினிமா கம்பெனி அலுவலகத்தில் ஆடிஷன் வைக்கிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. தேர்வாகாதவரை அவர் மறுபடி பார்க்கப் போவதில்லை. நமக்கோ அவர் அடுத்த தெருக்காரர். ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார்; அவருடைய சித்தி நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருவார். 60 பேர் வந்து 6 பேரை எடுத்தால் 54 பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்த 54 பேரை மனத்தில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். 6 பேர் எப்படியும் கிடைத்துவிடுவார்கள்.

முதலில் ஒரு தாள்

கூடம் தேடுவதற்கு முன்னால், நோட்டீஸுக்கு முன்னால், ஒரே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எதற்காக ஆள் தேடுகிறோம், எத்தனை பேர், ஒத்திகை வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரம், நிகழ்ச்சி எப்போது, பணம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு. இந்தத் தாளில் ஒரு வரி காலியாக இருந்தாலும் ஆடிஷன் வைக்காதீர்கள். மாலை 5 மணிக்கு ஒத்திகை என்பதைத் தேர்வான பிறகு சொன்னால், துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர் அப்போதுதான் கையை விரிப்பார். அவருடைய நாளும் வீண், உங்களுடையதும் வீண்.

'எந்தத் திறமை இருந்தாலும் வரலாம்' என்ற அழைப்பு கேட்க நன்றாக இருக்கும். நடத்திப் பார்த்தால் தெரியும். பாடகர், சிலம்பக்காரர், பலகுரல் கலைஞர், ராப் பாடும் கல்லூரி மாணவர், பரதம் ஆடும் சிறுமி என்று அடுத்தடுத்து வரும்போது நடுவர்களுக்கு எதை எதோடு ஒப்பிடுவதென்றே தெரியாது. பல கலைகளும் வேண்டுமென்றால் காலை பாட்டும் வாத்தியமும், மதியம் நடிப்பு, மாலை ஆட்டம் என்று பிரித்துவிடுங்கள். ஆடுகிறவர்களுக்குத் தரை காலியாக வேண்டும், பாடுகிறவர்களுக்கு அமைதி வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்பாடு செய்தால் நாற்காலி தூக்கியே பொழுது போய்விடும்.

எந்த நாள்?

இங்கே நாள் பார்ப்பது தனிக் கலை. ஞாயிறு விடுமுறைதானே என்று காலையில் வைத்தால் காசிமேட்டுக் குடும்பங்கள் வராது. மீன்பிடித் துறைமுகத்தில் விற்பனை உச்சத்தில் இருப்பது ஞாயிறு அதிகாலைதான்; வியாபாரம் முடிந்து, குளித்து, சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் நம் ஆடிஷனுக்கு யார் வருவார்கள்? ஞாயிறுதான் என்றால் மதியம் 2 மணிக்குத் தொடங்குங்கள். இரண்டாம் சனிக்கிழமை அதைவிட நல்லது.

ஆடி மாத ஞாயிறுகளைத் தொடவே வேண்டாம். தெருவுக்கு ஓர் அம்மன் கோயில், கோயிலுக்கு ஓர் ஒலிபெருக்கி, கூழ் ஊற்றும் கூட்டம். நீங்கள் பாட்டுக் கேட்கப் போவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் பாதிப் பேர் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்வார்கள். மார்ச், ஏப்ரலில் பள்ளிப் பொதுத் தேர்வுகள்.

மே மாதம் பள்ளி விடுமுறை என்பதோடு இன்னொரு வசதியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கிறார்கள்; வலை பின்னும் நேரம் போக மாலையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுதான், ஆகவே அந்த நேரத்தில் பணமில்லாத நிகழ்ச்சிக்கு ஆள் கேட்கக் கூச்சப்பட வேண்டும். வெயிலையும் மறந்துவிடாதீர்கள். மே மாதத்தில் நடத்தினால் காலை 8 முதல் 11 வரை ஒரு பகுதி, மாலை 4 முதல் 8 வரை ஒரு பகுதி. நடுவே கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கூடம், சத்தம், அனுமதி

மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் வாடகை குறைவு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் என எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அந்த மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள். முகூர்த்த நாளில் கேட்டால் கிடைக்காது. சர்ச் ஹால்கள், முகூர்த்தம் இல்லாத நாளில் மினி ஹால்கள், தனியார் டியூஷன் மையங்களின் மாடி என்று வேறு வழிகளும் உண்டு.

கூடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் நின்று நான்கு வரி பாடச் சொல்லுங்கள். தரையிலும் சுவரிலும் டைல்ஸ் பதித்த மினி ஹாலில் குரல் எதிரொலித்து ஒன்றோடொன்று மோதும், சொல் புரியாது. கனமான திரைச்சீலை அல்லது பழைய ஜமக்காளங்களைச் சுவரோரம் கட்டித் தொங்கவிட்டால் பாதி அடங்கும். மின்விசிறிகளைப் போட்டுவிட்டு ஒரு முறை, நிறுத்திவிட்டு ஒரு முறை கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடம் என்றால் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் ஓயவே ஓயாது. நீங்கள் நடத்தப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போய்ப் பார்ப்பது முக்கியம். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்தச் சில நிமிடங்களைத் தேநீர் இடைவேளையாக வையுங்கள். மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெளியிலிருந்து வரும் நடுவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு: இரண்டு அறைகள், தாழ்ப்பாள் விழும் பெண்கள் கழிப்பறை. காத்திருப்பவர்கள் ஒரு அறையில், நடுவர்கள் இன்னொன்றில். ஒரே கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராக மேடையேற்றுவது கொடுமை. முன்னால் பாடியவருக்குக் கைதட்டல் பலமாக விழுந்தால் அடுத்தவர் ஏறும்போதே பாதி தோற்றுவிடுகிறார். உறவுக்காரர்களை அதிகமாகக் கூட்டிவந்தவர் பெரிய கலைஞர் போலத் தெரிவார். கழிப்பறை சரியில்லாத கூடத்துக்குப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வந்து, தொண்டை வறண்டு பாடிவிட்டுப் போவார்கள். நாம் 'குரல் கம்மியது' என்று குறித்துக்கொள்வோம்.

தரைத்தளமாக இருந்தால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் வரலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை நிலையங்களிலிருந்து நடக்கும் தூரத்தில் கூடம் கிடைத்தால் நல்லது. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பெண்கள் பயமில்லாமல் வந்து போவார்கள்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கிக்கு இடமில்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஸ்டான்லி மருத்துவமனையை ஒட்டிய தெருவில் மைக் செட் கட்ட நினைப்பவர் இதை யோசிக்க வேண்டும். கூடத்துக்குள்ளே சின்னப் பெட்டி ஸ்பீக்கர் போதும் என்றாலும், நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் பெயர், கைபேசி எண் எழுதிய கடிதம் ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் 40 இளைஞர்கள் நின்றால் ரோந்து வண்டி நின்று விசாரிக்கும் ஊர் இது. அப்போது அந்த நகல் பேசும்.

நோட்டீஸும் நம்பிக்கையும்

ஆடிஷன் என்ற சொல்லுக்கு இங்கே கெட்ட பெயர் உண்டு. 'நடிக்க வாய்ப்பு' என்று கூப்பிட்டு, பதிவுக்கு இவ்வளவு, போட்டோ எடுக்க இவ்வளவு என்று கறந்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைப் பல வீடுகள் பார்த்திருக்கின்றன. ஆகவே நோட்டீஸின் முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில், 'கட்டணம் எதுவும் இல்லை' என்று போடுங்கள். நீங்கள் யார், எந்தத் தெரு, பணம் யாருடையது, எதற்காக ஆள் தேடுகிறீர்கள் என்பது அடுத்த வரிகள். வராத சினிமா இயக்குநர் வருவார் என்று எழுதாதீர்கள். சம்பளம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் உண்டு என்றால் அதையும் எழுதுங்கள்.

ஒட்ட வேண்டிய இடங்கள்: டீக்கடை, ரேஷன் கடை, ஜிம், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம், டியூஷன் சென்டர், கோயில், சர்ச், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை. தெரு வாட்ஸ்அப் குழுக்களில் போடும்போது படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள், அப்போதுதான் அடுத்தவருக்கு அனுப்பும்போது தேதி தொலையாது. இளையவர்கள் வேண்டுமானால் அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. எந்தப் பிள்ளை என்ன செய்வான் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இத்தனையும் செய்தாலும் இங்குள்ள நல்ல பாடகர்கள் பலர் வரமாட்டார்கள். நோட்டீஸைப் படித்திருப்பார்கள்; அது தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர் தம்மைப் 'பாடகர்' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'தகுதியுள்ள கலைஞர்கள் விண்ணப்பிக்கவும்' என்று எழுதினால் அவர் அந்தச் சுவரைக் கடந்து போய்விடுவார். நேரில் போய், 'அண்ணே, நீங்கள் வரவேண்டும்' என்று கூப்பிடுங்கள். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நிற்கலாம் என்பதை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு காட்டிவிட்டது. அதைச் சொன்னால் இளைஞர்களுக்குக் கண் விரியும். வயதானவர்களுக்கு அது தேவைப்படாது, மரியாதையாகக் கூப்பிட்டால் போதும். சனிக்கிழமை இரவு பாடப் போகிறவருக்கு ஞாயிறு காலை நேரம் கொடுக்காதீர்கள். கரகரத்த தொண்டையோடு வந்து நிற்பார், அதை நீங்கள் அவருடைய குரல் என்று நினைத்துவிடுவீர்கள்.

கணக்கு

ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாட்டோ வசனமோ 2 நிமிடம். நடுவர் ஒரு திருத்தம் சொல்லி மறுபடி செய்யச் சொன்னால் இன்னொரு நிமிடம். பேச்சு ஒரு நிமிடம். ஆள் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வந்து, நடுவர்கள் எழுதி முடிக்க ஒரு நிமிடம். மொத்தம் 5. மணிக்கு 12 பேர் என்று கணக்கு சொல்லும். நீங்கள் 10 பேருக்கு மட்டும் நேரம் கொடுங்கள். மீதி 10 நிமிடம் கேபிள் வேலை செய்யாததற்கும், அழுகை வந்து நின்றுவிட்டவருக்கும், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு ஓடிவருகிறவருக்கும். நடுவர்களின் காது 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாது. ஆக, ஒரு நாளைக்கு 60 பேர். 61ஆவது ஆள் கூப்பிட்டால் காத்திருப்போர் பட்டியல், அல்லது இன்னொரு நாள்.

'10 மணி முதல்' என்று எழுதி நாங்கள் கெட்ட கதைக்கு மருந்து இதுதான்: பதிவு செய்யும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரத் தொகுதியைச் சொல்லிவிடுங்கள். 'நீங்கள் 11 மணித் தொகுதி, 10.45க்கு வந்தால் போதும்.' டோக்கன் நிறத்தையும் மாற்றிவிட்டால் வாசலில் சண்டை வராது. 11 மணிக்கு மஞ்சள், 12 மணிக்குப் பச்சை. கட்சிக் கொடி நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அப்புறம் மிச்சம் என்ன நிறம் இருக்கிறது?

கூகுள் படிவம் போட்டால் கல்லூரி மாணவர்கள் மட்டும் நிரப்புவார்கள். ஒரு கைபேசி எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். அழைப்பு எடுக்கப் பொறுமையான ஒருவரை உட்கார வையுங்கள். பெயர், வயது, என்ன செய்யப் போகிறார், எண், வரும் தொகுதி. இவ்வளவு போதும். ஆதார் நகல் வாங்காதீர்கள். 60 பேருடைய ஆதார் நகல் உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை.

நடுவர்கள்

மூன்று பேர். ஒருவர் அந்தக் கலையைக் கையால் செய்து பழகியவர். கானா கேட்க வேண்டுமென்றால் கானா பாடியவர், கர்நாடக சங்கீத வாத்தியார் மட்டும் போதாது. இன்னொருவர் தேர்வானவர்களோடு வேலை செய்யப்போகும் இயக்குநரோ ஒருங்கிணைப்பாளரோ. மூன்றாமவர் இந்தப் பகுதியில் யாருக்கும் உறவோ பகையோ இல்லாதவர். உறவுக்காரர் பாட வந்தால் நடுவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். வடசென்னையில் அது நாளுக்கு நான்கு முறை நடக்கும்.

மதிப்பெண் தாளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 10க்கு 7, 10க்கு 6 என்று போட்டுக் கூட்டினால் எதிலும் மோசமில்லாத ஒருவர் முதலில் வருவார். நமக்கு வேண்டியவர் பெரும்பாலும் ஒன்றில் அபாரமாக, இன்னொன்றில் மோசமாக இருப்பவர். அதனால் எண்ணோடு ஒரு வாக்கியமும் எழுதச் சொல்லுங்கள். 'சுருதி விலகியது, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது' என்பது மாலையில் எந்த எண்ணைவிடவும் உதவும். எழுதி முடிக்கும்வரை நடுவர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. மூத்தவர் 'ம்ஹூம்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் மற்ற இருவர் பேனாவும் அந்தப் பக்கம் சாயும்.

நாள் தொடங்கும் முன் நம் ஆட்களிலேயே இரண்டு பேரைப் பாடவைத்து மூவரும் எழுதிப் பார்க்கட்டும். ஒருவர் 9 போட்டு இன்னொருவர் 4 போட்டால், சண்டையை அப்போதே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. வடசென்னை பேச்சை 'உச்சரிப்புக் குறை' என்று எழுதும் நடுவரைக் கூப்பிடாதீர்கள். பாத்திரத்துக்கு மேடைத் தமிழ் தேவையென்றால், வந்தவரிடம் ஒரு பத்தியைக் கொடுத்து 'இதைப் புத்தகத் தமிழில் சொல்லிப் பாருங்கள்' என்று கேளுங்கள். மாறத் தெரிந்தவர் மாறுவார், இரண்டு நாளில் பழகுபவரும் இருப்பார். கேட்காமலேயே கழித்துவிடுவது சோம்பேறித்தனம்.

அறைக்குள்

சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு மைக், ஒரு பெட்டி ஸ்பீக்கர், பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் மின்வெட்டுக்குப் பயமில்லை. கரோக்கே டிராக் போட எல்லா வகைக் கைபேசிக்கும் பொருந்தும் இணைப்புகள்; ப்ளூடூத்தை நம்பினால் ஒவ்வொருவருக்கும் 2 நிமிடம் போய்விடும். டிராக்கை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயர் போட்டு, ஒரே கைபேசியில் வரிசையாக வைப்பது இன்னும் நல்லது. சுருதிப் பெட்டிக்குக் கைபேசிச் செயலி போதும். தரையில் நிற்க வேண்டிய இடத்தை டேப்பால் குறியுங்கள். வரும் ஆளுக்குச் சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது.

பாடகர்களை முதல் 4 வரி மைக்கும் டிராக்கும் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். டிராக் வேறொருவர் கட்டைக்கு, அதாவது சுருதி அளவுக்கு, பதிவு செய்தது; ஐந்தரைக் கட்டைப் பெண்ணை ஆண் குரல் டிராக்கோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு எடைபோடுவது நியாயமில்லை.

முதல் முறை செய்துகாட்டுவது அவர் வீட்டில் பழகியது. இரண்டாவது முறை செய்வதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு சின்ன மாற்றம் சொல்லுங்கள்: 'இதே வசனத்தைத் தூங்கும் குழந்தை எழுந்துவிடாதபடி சொல்லுங்கள்', 'இதே பாட்டைப் பாதி வேகத்தில்.' சொன்னதைக் காதில் வாங்கி முயற்சி செய்கிறவர், முயற்சியில் தோற்றாலும், ஒத்திகையில் உங்களோடு வளர்வார். முதல் முறை அசத்திவிட்டு இரண்டாவது முறையும் அச்சு மாறாமல் அதையே செய்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நிறுத்த மணி அடிக்காதீர்கள். பல்லவி முடியும் இடத்தில் நடுவர் கையை உயர்த்தி, 'நன்றாக இருக்கிறது, இங்கே நிறுத்திக்கொள்வோம்' என்றால் போதும். நடுவில் வரி மறந்து நின்றுவிட்டால் தண்ணீர் கொடுங்கள், ஊர் எது, யாரிடம் கற்றீர்கள் என்று ஒரு நிமிடம் பேசுங்கள், மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். இந்தச் சலுகை எல்லாருக்கும் ஒரு முறை உண்டு என்பதைக் காத்திருப்பு அறையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே இறங்கும்.

காத்திருப்பு அறை

ஆடிஷன் நாளின் உயிர் இந்த அறையில்தான். இதன் பொறுப்பை உங்கள் குழுவில் நன்றாகப் பேசத் தெரிந்த அக்கா ஒருவரிடம் கொடுங்கள், சுறுசுறுப்பான தம்பியிடம் வேண்டாம். 'இன்னும் மூன்று பேர் போனதும் நீ, போய் முகம் கழுவிக்கொண்டு வா' என்று சொல்லும் குரல் தேவை. தாமதமானால் எவ்வளவு தாமதம் என்று உடனே சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

வேலை பிரிப்பு: வாசலில் டோக்கன் கொடுக்க ஒருவர், அந்த அக்கா, அறைக் கதவில் ஒருவர், நேரம் பார்த்து வரிசையைக் குறிக்க ஒருவர், ஓடியாட ஒருவர். 5 பேர். நடுவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே எந்தப் பேச்சும் வேண்டாம். 'அக்கா, எனக்கு என்ன போட்டார்கள்?' என்று கேட்டால், உண்மையிலேயே தெரியாது என்று அவரால் சொல்ல முடிய வேண்டும்.

60 பேர் வந்தால் துணைக்கு வருகிறவர்களோடு 100 பேர் தாண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் 5 வாங்குங்கள். வெயில் காலத்தில் ஒரு அண்டா மோர். டீயும் பிஸ்கட்டும் எல்லாருக்கும், நடுவருக்கு மட்டும் தட்டில் பிரியாணி வந்து மணந்தால் அது ஊர் முழுக்கப் பேசப்படும்.

பிள்ளைகள்

18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் பெற்றோரோ பாதுகாவலரோ கூட வர வேண்டும். அறைக்குள்ளும் பின்வரிசையில் உட்காரலாம், ஆனால் அங்கிருந்து சைகை காட்டக்கூடாது. எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக மூடிய அறையில் இருக்கக்கூடாது, நடுவராக இருந்தாலும், நீங்களாகவே இருந்தாலும். உடை மாற்றும் இடத்தில் கைபேசிக்கு இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள்.

காசு வாங்கும் வணிக நிகழ்ச்சி என்றால் சட்டம் தனி. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016 திருத்தத்தை ஒட்டிய விதிகளும் 14 வயதுக்குட்பட்ட கலைஞர்கள் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, இடைவேளையின்றி 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். தெரு விழாவுக்கு இதெல்லாம் பொருந்தாமல் போகலாம், ஆனால் அந்த 5 மணி நேரக் கணக்கை ஒத்திகைக்கும் வைத்துக்கொள்வதில் நமக்கு என்ன நட்டம்?

வீடியோ எடுத்தால் ஒரே கைபேசியில், ஸ்டாண்டில் வைத்து, முன்பே சொல்லி, கையெழுத்து வாங்கி எடுங்கள். நடுவர்கள் மறுபடி பார்க்க மட்டும். இணையத்தில் ஏற்றாதீர்கள், தடுமாறியவருடைய காட்சியை விளையாட்டுக்குக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு மாதத்தில் அழித்துவிடுங்கள்.

முடிவைச் சொல்வது

அன்றே அறிவிக்காதீர்கள். கூடத்து வாசலில் பட்டியல் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். காத்திருப்பு அறைச் சுவரிலேயே 'வியாழன் மாலை 7 முதல் 9 மணிக்குள் எல்லாருக்கும் அழைப்பு வரும்' என்று எழுதிவைத்திருப்பீர்கள். அந்த வியாழன் தவறக்கூடாது.

60 பேரையும் அழையுங்கள். ஆளுக்கு 2 நிமிடம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒரு மணி நேர வேலை. எடுக்கப்பட்டவர்களை முதலில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், யாராவது மறுத்தால் அடுத்த இடத்தில் இருப்பவரிடம் 'இல்லை' என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். பிறகு மற்றவர்கள். சுற்றி வளைக்காமல், 'இந்த முறை உங்களை எடுக்க முடியவில்லை' என்று தொடங்குங்கள். அதன்பின் நடுவர் தாளில் இருக்கும் வாக்கியத்தில் உண்மையான நல்லது ஒன்றைச் சொல்லுங்கள். 'தாளம் உறுதியாக இருந்தது, இந்த நாடகத்துக்குப் பேசத் தெரிந்தவர்தான் தேவைப்பட்டார்' என்பது போல. அடுத்த முறை கூப்பிடுவோம் என்பதைக் கூப்பிடப் போகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள். வாதம் செய்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையின் அழைப்பைத்தான் கடைசிக்குத் தள்ளிப்போடத் தோன்றும். எடுக்கப்படாதவர்களில் அதை முதலில் முடியுங்கள். கைபேசியை அம்மா எடுத்து, 'என்ன ஆயிற்று தம்பி, எங்கள் பையனை எடுத்துவிட்டீர்களா?' என்று ஆசையாகக் கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள். 'அவன் வந்ததும் பேசச் சொல்லுங்கள், அக்கா' என்று வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு நீங்களே மறுபடி அழையுங்கள்.